முன்னிற்குஞ் சுரப்பியும் லேசர்க் கதிரும்

பயிற்றப்பட்ட தமிழாசிரியர் ஒருவர், பட்டிப்பொல

விழா மலருக்குக் கட்டுரை வேண்டிய பழைய மாணவர் சங்கத்தார் தமிழாசிரியனிடத்து இலக்கியக் கட்டுரையொன்றையே எதிர்பார்த்திருப்பர். ஆயினும், இம்மலரை விரித்துத் தம் வகுப்புத் தோழரின் நிழற்படத்தைத் தேடும் அன்பருட் பலர் ஐம்பதாண்டைக் கடந்தவர். ஐம்பதுக்கும் அறுபதுக்கும் இடைப்பட்ட ஆடவரில் ஏறத்தாழச் சரிபாதியினர்க்கும், எண்பதைக் கடந்தவரிற் பத்துக்கு எட்டொன்பது பேருக்கும் உடலினுள்ளே ஒரு சிறு சுரப்பி பருத்திருக்கும் என்பது வைத்திய நூலார் கண்ட உண்மை. அவருள் எல்லாரும் துன்புறுவதில்லை. துன்புறுவோரோ வாய் திறப்பதில்லை. பாட்டும் உரையும் பின்னொரு மலருக்கு ஆகட்டும் என்று கருதி, இச்சுரப்பியைப் பற்றியும் அதனை லேசர்க் கதிரால் அகற்றும் முறையைப் பற்றியும் ஈண்டு எழுதத் துணிந்தேன்.

பெயரிலிருந்து தொடங்குவது எம் தொழிலுக்கு இயல்பு. ஆங்கில வைத்தியர் இதனைப் புரொஸ்டேற் என்பர். அஃது ‘முன்னே நிற்பவன்’ எனப் பொருள்படும் கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. சிறுநீர்ப்பைக்கு முன்னே வாயிற்காவலன் போல நிற்றலின் அப்பெயர் பெற்றது. எம் நாட்டுப் பாடநூல்களில் ‘முன்னிற்குஞ் சுரப்பி’ என்று அச்சொல்லை அப்படியே தமிழாக்கினர். சிங்களத்தார் ‘புரஸ்தி கிரந்திய’ என்பதும் அதே பொருளதே. சொல் புதிதாயினும் நோய் பழையது. சுசுருத சங்கிதையின் உத்தர தந்திரத்திலே சிறுநீர் தடைப்படும் நோய்கள் பன்னிரண்டு வகுக்கப்பட்டுள்ளன. அவற்றுள் ‘வாதாஷ்டீலா’ என்பது மலவாயிலுக்கும் சிறுநீர்ப்பைக்கும் இடையே கல்போல் தோன்றி நீரைத் தடுக்கும் வீக்கமாகக் கூறப்படுகின்றது. இக்கால அறிஞர் பலர் அதனை இந்நோயோடு ஒப்பிடுவர்.

இளைஞனிடத்து இச்சுரப்பி ஏறத்தாழ 20 கிராம் நிறையுடையது. பெரிய பாக்கு ஒன்றினும் சற்றுப் பெரிது எனலாம். சிறுநீர்ப்பையின் கழுத்தடியிலே, நீர் வெளியேறும் வழியைச் சுற்றி மோதிரம் போல் அமைந்துள்ளது. விந்துக்குரிய நீர்மத்தின் ஒரு பகுதியைச் சுரப்பது இதன் தொழில். நாற்பதைக் கடந்தபின் இதன் உட்பகுதி மெல்ல வளரத் தொடங்கும். சிலர்க்கு அது 50 கிராமாகும். வேறு சிலர்க்கு 100 கிராமையும் தாண்டும். வெளிப்புறமாகப் பருத்தால் யாதொரு தொல்லையுமில்லை. உட்புறமாகப் பருக்குங்கால் நடுவேயுள்ள நீர்வழி நெரிபடுகின்றது. ஆகையால் சுரப்பியின் பருமனும் நோயாளியின் துன்பமும் ஒத்துச் செல்வதில்லை. சிறிய சுரப்பி பெருந்துன்பம் விளைத்தலும், பெரிய சுரப்பி பேசாதிருத்தலும் உண்டு.

துன்பத்தை அளப்பதற்கு வைத்தியர் ஒரு வினாத்தாள் வைத்துள்ளனர். அமெரிக்கச் சிறுநீர்த்தொகுதி வைத்தியர் சங்கத்தார் 1992இல் வெளியிட்ட அதனை இன்று உலகெங்கும் வழங்குவர். வினாக்கள் ஏழு. கடந்த ஒரு திங்களில், கழித்தபின்னும் நீர் மிச்சமிருப்பதாகத் தோன்றியதா? இரண்டு மணி நேரத்துக்குள் மீண்டும் போக நேர்ந்ததா? நின்று நின்று வந்ததா? அடக்குதல் அரிதாயிற்றா? தாரை மெலிந்ததா? முக்க வேண்டியிருந்ததா? இரவில் எத்தனை தடவை எழுந்தீர்? ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் ஐந்து வரை புள்ளி, மொத்தம் 35. ஏழு வரை பெறுவோர்க்கு நோய் எளியது. 8 முதல் 19 வரை நடுத்தரம். 20உம் அதற்கு மேலும் கடுமை. குறைந்த புள்ளி பெற்றவனே தேறினவன் என்னும் விசித்திரமான தேர்வு இது.

இனி, இந்நோய் எம் மலைநாட்டில் கொள்ளும் வடிவத்தைச் சற்று விரித்துரைக்க வேண்டும். பட்டிப்பொலப் புகையிரத நிலையம் கடல் மட்டத்துக்கு மேல் 6,200 அடிக்கு அதிகமான உயரத்திலுள்ளது. இலங்கையில் இதனினும் உயர்ந்த நிலையம் இல்லை. குளிரில் உடலின் மேற்புறக் குருதிக் குழாய்கள் சுருங்க, சிறுநீரகம் மிகுதியாக நீரைப் பிரிக்கின்றது. போதாக்குறைக்கு, மாலையிலும் முன்னிரவிலும் பருகும் தேநீரும் சிறுநீரைப் பெருக்கும். தேயிலையால் வாழும் நாம் தேநீரைக் குறை சொல்வது நன்றியன்றாயினும், படுக்கைக்கு முன் மூன்று மணி நேரம் அதனைத் தவிர்த்தல் நன்று. லயத்தில் வாழும் முதியவருக்கு மலசலகூடம் பல இடங்களில் வெளியே, படிகளுக்கு அப்பால் உள்ளது. ஒரே இரவில் நான்கு முறை பனியில் நனைந்த படியிறங்கும் எழுபது வயதினர் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டால், அதனை விபத்து என்று எழுதுவோமேயன்றி இந்நோயின் கணக்கில் எழுதுவதில்லை.

எம் அயலிலுள்ள முதியவர் ஒருவர் இரண்டு நாள் வயிறு பொருமிக் கிடந்தார். வாயுவென்று கருதி ஓமத் தண்ணீரும் இஞ்சிச் சாறும் கொடுத்தனர். உண்மையிலே வயிற்றைப் பொருமச் செய்தது வாயுவன்று, வெளியேற வழியின்றித் தேங்கிய சிறுநீர். வைத்தியசாலையில் இறப்பர்க் குழாய் செலுத்தி ஒரு லீற்றருக்கு மேல் எடுத்தனர். உயிர் பிழைத்து வந்தவரைக் கண்டு, “ஐயா, இதனை முன்னமே சொல்லியிருக்கலாகாதா?” என்றேன். “வாத்தியாரையா, அங்க இருந்தது சின்ன வயசு டாக்டரம்மா. அவுங்களுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் அரைகொறை. பேத்திதான் ரெண்டு பக்கமும் பேசிச்சு. பேத்திகிட்ட எப்படிங்க இதைச் சொல்றது?” என்றார். இருமல் என்று சொல்லி இருமல் மருந்து வாங்கிக்கொண்டு இருமுறை திரும்பியிருக்கின்றார். அவ்விடையில் மடமை ஒன்றுமில்லை. மானமுள்ள மனிதர் எவரும் அவ்வாறே நடந்திருப்பர்.

ஆயினும் சிறுநீர்ப்பை மானம் அறியாது. நெரிந்த வழியூடே நீரைத் தள்ள முயன்று அதன் தசை முதலில் தடிக்கும். ஆண்டுகள் கழிய, அடிக்கடி இழுத்த இறப்பர் நாடாப் போலத் தளரும். மிச்சமான நீரில் கிருமியும் கல்லும் தோன்றும். அழுத்தம் மேலேறிச் சிறுநீரகத்தைத் தாக்கும். தளர்ந்த தசையை எந்தக் கதிரும் மீட்டுத் தராது. காலங் கடந்து வந்தவர்க்குத் தடையை முற்றாக அகற்றியபின்னும் நீர் இறங்காமை உண்டு. அவர் எஞ்சிய நாளெல்லாம் குழாயோடு காலங் கழிக்க நேரும்.

மற்றுமொன்று: தடிமனுக்கும் மூக்கடைப்புக்கும் கடையில் வாங்கி விழுங்கும் மாத்திரைகள் சிலவற்றில் சூடோஎபெட்ரின் என்னும் மருந்து உண்டு. அது நீர்வழியைச் சுற்றிய தசையை இறுக்கும். உறக்கம் தரும் ஒவ்வாமை மாத்திரைகளோ சிறுநீர்ப்பையைச் சோரச் செய்யும். குளிர் மிகுந்த ஊரில் இவற்றின் விற்பனைக்குக் குறைவில்லை. அரைகுறையாகத் திறந்திருந்த வழி ஒரே மாத்திரையால் முற்றாக அடைபடுதல் கூடும். இரவில் அருந்தும் மதுவும் அத்தகையதே.

நடுத்தர நோய்க்கு முதலில் மருந்தே தருவர். தாம்சுலோசின் முதலியன தசையை நெகிழ்த்தி, சில நாட்களிற் பயன் தரும். சிலர்க்குத் தலைச்சுற்று உண்டாகும். இவ்வின மருந்து உண்பவர் கண்புரைச் சத்திரசிகிச்சைக்குச் செல்லுங்கால் கண் வைத்தியருக்கு முன்னரே அறிவித்தல் வேண்டும். இம்மருந்து கண்ணின் கருவிழித் திரையையும் தளர்த்திச் சத்திரசிகிச்சைக்கு இடர் செய்யும் என்பது 2005இல் வெளிப்பட்டது. இரண்டாம் இனமாகிய பினாஸ்டெரைட்டு சுரப்பியையே சுருக்குவது. அதற்கு ஆறு திங்களாயினும் ஆகும். அது தோன்றிய வரலாறு சுவையானது. டொமினிக்கன் குடியரசின் ஒரு கிராமத்தில், பிறப்பிலே பெண்போல் தோன்றிப் பருவத்திலே ஆணாகும் சிலரை ஆராய்ந்து 1974இல் அறிஞர் எழுதினர். ஒரு நொதியின் குறையால் அவர்க்கு முன்னிற்குஞ் சுரப்பி வளராமலே சிறுத்திருந்தது. அந்நொதியை மருந்தாலே தடுத்தால் என்ன என்று எழுந்த எண்ணமே 1992இல் மாத்திரையாக வந்தது.

மருந்துக்கு அடங்காதவிடத்துச் சத்திரசிகிச்சை. இதன் முன்னோருள் ஒருவர் நம் அயல்நாட்டில் தொழில் பயின்றவர். அயர்லாந்தவரான பீற்றர் ஃபிரையர் இந்திய வைத்திய சேவையில் இருபதாண்டுக்கு மேற் பணிபுரிந்து, சிறுநீர்ப்பைக் கற்களை உடைத்தெடுப்பதிற் கைதேர்ந்தவர். இலண்டனுக்கு மீண்டபின் 1901இல், அடிவயிற்றைத் திறந்து சிறுநீர்ப்பை வழியாக விரலால் சுரப்பியின் பருத்த பகுதியைத் தோண்டியெடுத்த செய்தியை வெளியிட்டார். நியூயோர்க்கில் ஃபுல்லர் என்பார் அதனை முன்னரே செய்திருந்தாராதலின், முதன்மை யாருக்கு என்று பெரும்பூசல் விளைந்தது. பூசலை விடுவோம். ஃபிரையரின் விரல் கண்ட உண்மை இன்றுவரை பயன்படுகின்றது: பருத்த உட்பகுதிக்கும் புறத்தோட்டுக்கும் இடையே இயற்கையான ஒரு பிரிவு உண்டு. தோடம்பழத்தின் தோலிலிருந்து சுளைகளைப் பிரிப்பது போல, அப்பிரிவைப் பற்றிச் சென்றால் உள்ளிருப்பது தனியே கழன்று வரும்.

பின்னர் 1920களிலும் 1930களிலும், வயிற்றைத் திறவாமல் நீர்வழியூடே கருவி செலுத்தி, மின்னோட்டம் பாயும் கம்பி வளையத்தால் சுரப்பியைச் சிறிது சிறிதாகச் சீவும் முறை அமெரிக்காவில் உருவாயிற்று. ஸ்டேர்ன், மக்கார்த்தி என்போர் அக்கருவியைச் செப்பஞ்செய்தனர். அரை நூற்றாண்டுக்கு மேலாக அதுவே சிறந்த முறையென நின்றது. இலங்கையின் அரசாங்க வைத்தியசாலைகளிலும் பெரிதும் கைக்கொள்ளப்படுவது அது. குறையும் இல்லாமலில்லை. குருதி ஓரளவு போகும். முன்னாளில், மின்னோட்டத்தின் பொருட்டு உப்பற்ற நீர்மத்தாற் கழுவ வேண்டியிருந்தமையின், அந்நீர்மம் குருதியிற் கலந்து உப்பின் அளவைத் தாழ்த்தி மயக்கம் விளைப்பதுமுண்டு. மிகப் பெரிய சுரப்பியைச் சீவி முடிக்க நேரமும் போதாது.

இவ்விடத்திலே லேசர் புகுகின்றது. ‘தூண்டிய உமிழ்வால் ஒளியைப் பெருக்குதல்’ என்னும் ஆங்கிலத் தொடரின் முதலெழுத்துகளைக் கோத்தது அச்சொல். தூண்டிய உமிழ்வு என்னும் கருத்தை ஐன்ஸ்டைன் 1917இல் வெளியிட்டார். 1960 மே மாதத்தில் மைமன் என்பார் மாணிக்கப் படிகத்தால் முதல் லேசரை ஒளிரச் செய்தார். விளக்கின் ஒளி சந்தையிற் கலையும் கூட்டம் போல எத்திசையும் செல்லும். லேசரின் ஒளியலைகள் ஒரே நிறமும் ஒரே கதியுமாய் அணிவகுத்துச் செல்லும். ஆதலின் பேராற்றலை ஊசி முனையளவிற் குவித்தல் இயலும். நாலாண்டு கழித்து, மகாராட்டிரத்திற் பிறந்த குமார் பட்டேல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்திலே கரியமில வாயு லேசரைக் கண்டார். அறுப்பதில் வல்லதாயினும் அக்கதிரை மெல்லிய கண்ணாடி இழையூடே செலுத்தல் ஆகாமையால், சிறுநீர்வழிப் பணிக்கு அஃது உதவவில்லை. ஒளியை வளைத்துக் கொண்டுசெல்லும் இழைகளின் வரலாற்றிலோ இன்னோர் இந்தியர் பெயர் உண்டு. பஞ்சாபிற் பிறந்த நரிந்தர் சிங் கபானி, இலண்டனிலே தம் ஆசிரியர் ஹொப்கின்சோடு சேர்ந்து இழைக் கற்றையூடே உருவத்தைக் கடத்திக் காட்டியது 1954இல். உடலுட் பார்க்கும் குழலின் சிறந்த கண்ணாடி அமைப்பும் அந்த ஹொப்கின்ஸ் தந்ததே. ஆசிரியரும் மாணவருமாகச் செய்த இத்தகைய பணிகளைக் கல்லூரி மலரிற் குறிப்பதில் எமக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

முன்னிற்குஞ் சுரப்பிக்கு லேசரை முதலிற் பரவலாகப் பயன்படுத்திய 1990களின் தொடக்கத்தில் முடிவு மெச்சத்தக்கதாயில்லை. அக்கதிர் ஆழ ஊடுருவித் தசையை வேகவைத்தது. வெந்த தசை கிழமைக் கணக்கிற் கழன்று வீழ்ந்து, எரிவும் அடைப்பும் தந்தது. குற்றம் ஒளியினதன்று, நிறத்தைத் தெரிந்த வகையினது. எந்நிறக் கதிரை எப்பொருள் உட்கொள்ளும் என்பதே இக்கலையின் உயிர்நாடி. 532 நனோமீற்றர் அலைநீளமுடைய பச்சைக் கதிரைக் குருதியின் சிவப்புப் பொருள் விரைந்து உட்கொள்ளும். ஆகவே அது குருதி நிறைந்த சுரப்பித் தசையை ஆவியாக்கி, ஒரு மில்லிமீற்றருக்கும் குறைந்த ஆழத்திலே நின்றுவிடும். ஹோல்மியம் என்னும் அருந்தனிமத்தினின்று எழும் கதிரோ கண்ணுக்குப் புலனாகாது. ஏறத்தாழ 2,100 நனோமீற்றர் நீளமுடையது. அதனை நீர் உட்கொள்ளும். தசையிற் பெரும்பகுதி நீராதலின், அரை மில்லிமீற்றருக்குள்ளாகவே அதன் ஆற்றல் அடங்கி, வெட்டியவிடத்துக் குருதிக் குழாயையும் மூடிவிடுகின்றது. தூலியம் என்பதும் இதற்கு நெருங்கிய உறவினது.

ஹோல்மியக் கதிரால் சுரப்பியைத் தோண்டியெடுக்கும் முறையை நியூசிலாந்தின் தௌரங்கா என்னும் சிறு நகரில் பீற்றர் கில்லிங்கும் அவர் தோழரும் வகுத்தனர். முழுமையான வடிவில் அது 1998இல் வெளியாயிற்று. பெருநகரங்களை விடுத்துச் சிறு நகரொன்றிற் பிறந்த முறை உலகெங்கும் பரவியது என்பதை மலைநாட்டு மாணவர் குறித்துக்கொள்க. முறை இது. நோயாளிக்கு முழு மயக்கமாவது, முதுகில் ஊசியிட்டு இடுப்புக்குக் கீழ் மரப்பாவது தருவர். வயிற்றில் கீறலில்லை. நீர்வழியூடே குழலைச் செலுத்தி, அதனுள்ளே அரை மில்லிமீற்றர் அளவான இழையை நுழைத்து, ஃபிரையரின் விரல் சென்ற அதே பிரிவு வழியே கதிரைச் செலுத்தி, பருத்த பகுதியைத் தோட்டினின்றும் பிரித்துச் சிறுநீர்ப்பைக்குள் தள்ளுவர். அங்கே சுழலும் அலகுடைய வேறொரு கருவி அதனைத் துருவி உறிஞ்சியெடுக்கும். கழுவுவதற்கு உடலோடொத்த உப்பு நீரே பயன்படுதலின் முற்கூறிய மயக்கத்துக்கு இடமில்லை. எடுத்த தசையைச் சோதனைக்கு அனுப்புவர். பச்சைக் கதிர் முறையில் தசை ஆவியாகி விடுதலால் சோதிக்க ஒன்றும் எஞ்சாமை அதன் குறை.

சீவும் முறையோடு ஒப்பிடின் லேசர் முறையில் குருதிப் போக்குக் குறைவு; குழாயைப் பெரும்பாலும் ஓரிரு நாளில் எடுத்துவிடுவர்; 80 கிராமுக்கு மேற்பட்ட பெருஞ் சுரப்பிக்கும், குருதி உறையாமைக்கு மருந்துண்ணும் இதய நோயாளர்க்கும் இது மிகவும் ஏற்றது. ஆனால் பத்திரிகை விளம்பரங்களில் ‘சத்திரசிகிச்சை இன்றியே லேசர்’ என்று காண்பது வெறும் சொல் மயக்கம். கத்தி இல்லையெனினும் இது சத்திரசிகிச்சையே. சில கிழமை சிறுநீர் எரியலாம். இருமுங்கால் சில துளி கசிந்து சில திங்களில் நிற்கலாம். விந்து முன்னோக்கி வராது பின்னோக்கிச் சிறுநீர்ப்பைக்குட் செல்லுதல் பெரும்பாலோர்க்கு நேரும். மக்கட்பேற்றை விரும்புவோர் இதனை முன்னரே அறிதல் வேண்டும். நடுத்தரப் பருமனுடைய சுரப்பிக்கு, நீர்த்தாரை திருந்துவதில் இரு முறைகளும் பெரிதும் ஒத்த பயனே தருகின்றன. தோண்டும் முறை கற்றற்கு அரியது. பல பத்து நோயாளர்க்குச் செய்த பின்னரே கை பழகும். ஆகையால், புதுக் கருவியைக் கையாளும் புதுக் கையினும், பழைய கருவியைக் கையாளும் பழகிய கை நன்றென்பதே எம் கருத்து. லேசர் இல்லாத அரசாங்க வைத்தியசாலையிற் கட்டணமின்றிச் சீவுவித்துக்கொள்ளும் தொழிலாளி, கடன்பட்டுக் கொழும்புத் தனியார் வைத்தியசாலைக்குச் செல்லாமையால் வாழ்வை இழந்துவிடுவதில்லை. காத்திருந்து சிறுநீர்ப்பையை இழத்தலே இழப்பு.

சுரப்பி பருத்தல் புற்றுநோயன்று, புற்றுநோயாக மாறுவதுமன்று. ஆயினும் இரண்டும் ஒரே வயதில், ஒரே இடத்தில் தோன்றலாமாதலின், வைத்தியர் விரலாற் சோதித்தும் குருதியில் ஒரு புரதத்தை அளந்தும் பார்ப்பர். பினாஸ்டெரைட்டு அப்புரத அளவைப் பாதியாகக் குறைத்துக் காட்டும் என்பதை நினைவிற் கொள்க. 2024 சனவரி 17ஆம் நாள், பிரித்தானிய மன்னர் மூன்றாம் சார்ள்ஸ் இந்நோய்க்குச் சிகிச்சை பெறவுள்ளார் என்று அரண்மனை வெளிப்படையாக அறிவித்தது. பிற ஆடவரும் சோதித்துக்கொள்ளத் தூண்டுதலே அவர் நோக்கமெனப்பட்டது. அன்றொரு நாளில் அந்நாட்டுச் சுகாதார சேவையின் இணையத்தில் இந்நோய் பற்றித் தேடியவர் தொகை வழமையினும் பத்து மடங்குக்கு மேற் பெருகிற்று. மன்னர் வாய் திறந்தார். குடிகள் கேட்கத் துணிந்தனர்.

நம்மவர் எங்கே செல்வது? முதலில் அண்மையிலுள்ள வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவுக்கு. அங்கிருந்து நுவரெலியா மாவட்டப் பொது வைத்தியசாலைக்கோ, சிறுநீர்த்தொகுதிச் சத்திரசிகிச்சைப் பிரிவுடைய கண்டி, கொழும்புத் தேசிய வைத்தியசாலைகளுக்கோ கடிதம் தருவர். எவ்விடத்தில் எக்கருவி உள்ளதென்பது ஆண்டுதோறும் மாறுவதாதலின் அதனை நிபுணரிடமே கேட்க. நீர் முற்றாக நின்று அடிவயிறு வீங்கினால் கடிதத்துக்குக் காத்திராது 1990 என்னும் இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழைத்தால் இலவச நோயாளர் வண்டி வரும்.

மொழியும் நாணமும் தடையாயின், கல்லூரியிற் பயிலும் பேரப்பிள்ளைகள் செய்யத்தக்கது ஒன்றுண்டு. மேலே கூறிய ஏழு வினாக்களையும் தமிழில் ஒரு தாளில் எழுதித் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு அகலுக. அவர் தனியே இருந்து ஒவ்வொன்றுக்கும் எண்ணை இடட்டும். எழுத்தறியாதவராயின் கோடு கிழிக்கட்டும். மூன்று இரவில் எழுந்த தடவைகளையும் அவ்வாறே குறிக்கட்டும். உண்ணும் மாத்திரைகளின் உறைகளை அத்தாளோடு சேர்த்து, மேலே ‘மூத்திரம்’ என்று சிங்களத்திலும் எழுதுக. அவர்கள் ‘முத்ரா’ என்பதும் நம் சொல்லும் ஒரே வடமொழி வேரின. ஏழு எண்களையும் வைத்தியர் வாசிக்க மொழிபெயர்ப்பு வேண்டா.